காதைத் தொட்ட கை

திண்டுக்கல்,
9 ஆகஸ்ட் 1999

அன்பு சகாயசெல்வி,

நான் உன் மகன் பரணிக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன் என்று உனக்கு யார் எழுதியிருந்தாலும், போனில் சொல்லியிருந்தாலும், அது தவறு. நான் மறுக்கவில்லை. யோசிக்க நேரம் கேட்டேன். இரண்டும் ஒன்றல்ல.

நேற்று மேட்டுப்பட்டிக் கோயிலில் பூசை முடிந்து படியிறங்கும்போது என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசினார்கள். "அந்தப் பய வெளிநாடு போறது டீச்சருக்குப் பொறுக்கல போல" என்றாள் ஒருத்தி. எனக்கு அறுபத்தேழு வயதாகிறது. ஆனால் காது நன்றாகவே கேட்கிறது. இருவருமே என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள். திரும்பிப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டார்கள். ஆகவே உனக்கு வேறு யாரும் எழுதுமுன் நானே நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் பரணியின் விளையாட்டு ஆசிரியர் சாகுல் ஹமீது வந்தார். கூடவே உன் மகன். என் வீட்டு வாசல் நிலைக்கு இப்போது அவன் குனிந்துதான் வர வேண்டியிருக்கிறது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று தெரிகிறது, கவலைப்படாதே. "டீச்சரம்மா, நம்ம பய இந்தியாவுக்குக் கோல் கீப்பரா நிக்கப் போறான்" என்றார் ஹமீது. டிசம்பரில் டாக்காவில் அக்கம்பக்கத்து ஆறு நாடுகளின் பையன்கள் ஆடும் கால்பந்துப் போட்டி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பரணியின் பெயர் இருபத்தைந்து பேர் பட்டியலில் இருக்கிறது. அதில் இருபது பேர் போவார்கள். அவனை விட்டால் ஆளில்லை என்று பயிற்சி முகாமில் சொல்லியிருக்கிறார்களாம்.

சிக்கல் இதுதான். 1984 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் ஆடலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பரணியின் பிறந்த தேதி 1-6-1983. அது நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து போனது. பதிவேட்டில் எழுதியவள் நான். அவன் பிறந்தது 9-2-1984 என்று ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறது. ஆனால் மூன்று வயதில் கொடுத்த ஞானஸ்நானம் என்பதால் அதை மட்டும் வைத்து ஏற்க மாட்டார்களாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பதினைந்திலிருந்து பதினாறரைக்குள் என்று எழுதிவிட்டார். அதனால் யாருக்கும் பயனில்லை. பதிவேட்டில் முதலில் எழுதியவர் உயிரோடிருந்தால், அந்தத் தேதி எப்படி வந்தது என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள். செப்டம்பர் 30 வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தத் தாள் சென்னையில் கால்பந்துச் சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

சகாயசெல்வி, முப்பத்தொரு வருடம் நான் அந்தப் பதிவேட்டை எழுதினேன். ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் கிடையாது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு எல்லாரும் செய்ததைத்தான் செய்தேன். வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வேன். தொட்டால் ஐந்து முடிந்தது என்று ஜூன் ஒன்றாம் தேதி போடுவேன். ஆனால் பெற்றவர்கள் தேதி சொன்னால் அதையே எழுதுவேன். ஆகவே நீ அன்று என்னிடம் வேறு தேதி சொல்லியிருக்க வேண்டும், அல்லது சொல்லாமலே இருந்திருக்க வேண்டும். 1988 ஜூன் மாதம் என்னிடம் என்ன சொன்னாய்? யோசித்து எழுது. அதைப் பார்த்த பிறகே நான் எதிலும் கையெழுத்துப் போடுவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
ஆனந்தமேரி அருளப்பன்


குவைத்,
22 ஆகஸ்ட் 1999

மதிப்புக்குரிய டீச்சருக்கு, சகாயசெல்வி வணக்கம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் சமையலறையில் உட்கார்ந்து எழுத முடிகிறது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம், டீச்சர்.

பரணி நிலைக்குக் குனிந்து வந்தான் என்று எழுதியிருந்தீர்கள். அதை நாலு தடவை படித்தேன். நான் கிளம்பும்போது அவன் என் தோள் உயரம்.

என்ன தேதி சொன்னாய் என்று கேட்கிறீர்கள். நான் சொன்னது 1984 பிப்ரவரி 9. லூர்து மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சிறுமலையில் எங்கள் அம்மா வீட்டில் பிறந்தான். அன்று பஸ் வரவில்லை, அதனால்தான் ஆஸ்பத்திரியும் இல்லை, சீட்டும் இல்லை. எந்தத் தாயாவது அந்த நாளை மறப்பாளா?

உங்களுக்கு நிஜமாகவே நினைவில்லையா, டீச்சர்? எனக்கு அன்று நீங்கள் கட்டியிருந்த சேலைகூட நினைவிருக்கிறது, சாம்பல் நிறத்தில் சின்னாளப்பட்டிச் சேலை. பரணியின் அப்பா வடமதுரை ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு மில்லில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும், பிள்ளையை விட இடமில்லை. "டீச்சர், இவனுக்கு நாலும் நாலு மாசமும்தான் ஆகுது. பேரு எழுதாட்டியும் பரவால்ல, ஒரு ஓரத்துல உக்கார வச்சுக்கங்க" என்று கேட்டேன். நீங்கள் கையைத் தலைக்கு மேலே போடச் சொன்னீர்கள். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே நீளக் கை. காதைத் தொட்டதோடு நிற்காமல் பிடித்து மடக்கியும் காட்டினான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. "பிள்ளை கை பொய் சொல்லாது சகாயசெல்வி, நீதான் சொல்ற. எதை மறைக்கிறதுக்கு வயசைக் குறைக்கிற?" என்றீர்கள்.

எனக்கு 1983 மே நாலாம் தேதி ரிஜிஸ்தர் கல்யாணம் என்பது வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வேறு சாதி, வேறு மதம் என்று ஊரே பேசிய கல்யாணம். நீங்கள் போட்ட ஜூன் ஒன்று என்றால், கல்யாணமாகி ஒரே மாதத்தில் பிள்ளை. நான் பதில் பேசவில்லை. பேசினால் பேரை எழுதாமல் விட்டுவிடுவீர்களோ என்று பயம். ஷிப்டுக்கும் நேரமாகிவிட்டது. அப்புறம் என் மாமியார் வீட்டில் அந்த ஸ்கூல் சீட்டைக் காட்டித்தான், "எவன் பிள்ளையோ" என்று எங்களை வாசலோடு அனுப்பினார்கள். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. வருத்தப்படுத்தச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

அதெல்லாம் போகட்டும். அவன் போனில் என்னிடம், "அம்மா, டாக்கா மேட்ச்ச டிவியில காட்டுவாங்களாம், அங்க தெரியுமா?" என்று கேட்கிறான். டீச்சர், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். நடந்ததை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மாணவி,
சகாயசெல்வி


திண்டுக்கல்,
13 செப்டம்பர் 1999

அன்பு சகாயசெல்வி,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. கையெழுத்து இன்னும் அழகாகவே இருக்கிறது.

நீ எழுதியபடி எனக்கு நினைவில்லை. வரிசையில் நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள், நான் கண்டிப்பாகப் பேசியிருப்பேன், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாயைப் பார்த்து அப்படிக் கேட்டிருப்பேன் என்று என்னால் நம்ப முடியவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். நாக்கைக் காக்கச் சொல்லிக் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். பதினோரு வருடத்தில் நினைவு தன் இஷ்டத்துக்குச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். உனக்குத் துக்கமான காலம் அது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். இப்போதைய தலைமையாசிரியை சிஸ்டர் தாராளமாகவே எடுத்துக் கொடுத்தார். தேதி 1-6-83 என்றுதான் இருக்கிறது. என் கையெழுத்துதான். அடித்தல் இல்லை.

சனிக்கிழமை ஹமீது முத்திரைத் தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்தார். ஒன்றரைப் பக்கத்தில் பதினோரு பிழை. என் பெயரிலேயே ஒன்று. "தோராயமாக எழுதினேன்" என்று ஒரு வாக்கியம். நான் எதையும் தோராயமாக எழுதியவள் அல்ல. எல்லாவற்றையும் பென்சிலில் குறித்து, திருத்தி வரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்த மனுஷர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, சென்னையில இருக்குறவுக இம்புட்டுப் பாக்க மாட்டாக. இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு" என்றார். "நான் பார்ப்பேன்" என்றேன். பிழையோடு ஒரு தாளில் என் கையெழுத்து இருக்காது.

இன்னொன்றையும் நீ யோசிக்க வேண்டும். நேற்று நாகல்நகர் பஸ்ஸில் கண்டக்டர் பெரியகருப்பன் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "டீச்சர், அந்தப் பயலுக்குத் தேதிய மாத்துனா எனக்கும் மாத்திக் குடுங்க. ஒரு வருசம் கூட எழுதிப்புட்டீக, ரிட்டயர்மென்ட் முன்னாடியே வந்து நிக்கும்" என்றான். "உன் கை எட்டியது, எழுதினேன்" என்றேன். "அது ஒட்டடைக் கம்பு கை டீச்சர்! எங்காத்தா அப்பவே சொல்லுச்சு" என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று தப்பு என்று நான் எழுதிக் கொடுத்தால், முப்பத்தொரு வருடமும் தப்பு என்றாகிவிடாதா? மெஷினில் நூல் சுற்றுகிறவனிலிருந்து தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வரை, என் தேதியில்தானே வேலையும் பென்ஷனும் வாங்குகிறார்கள்?

இன்னும் நாள் இருக்கிறது. அவசரப்படுத்தாதே. சனிக்கிழமை பரணி மைதானத்தில் பயிற்சி செய்வதைப் போகிற வழியில் பார்த்தேன். ஹமீது பந்தை மூலைக்கு அடிக்க அடிக்க, பக்கவாட்டில் விழுந்து விழுந்து எடுத்தான். முழங்கை எல்லாம் மண். தேய்த்துக் குளிக்கிறானா என்று தெரியவில்லை.

அன்புடன்,
ஆனந்தமேரி அருளப்பன்


குவைத்,
25 செப்டம்பர் 1999

டீச்சருக்கு,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. பேகம்பூர் அஜீஸுன்னிசா அக்கா திங்கட்கிழமை விமானத்தில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை உங்கள் வீட்டுக்கே வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்தது. நேற்று விடுதிக்குப் போன் செய்தேன். இரண்டாவது தாளையும் நீங்கள் திருப்பிவிட்டதாகப் பரணி சொன்னான். "சாப்டியாப்பா?" என்றேன். "சாப்ட்டேன்" என்றான். சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

டீச்சர், நான் யோசித்துவிட்டேன். நீங்கள் உங்கள் மேல் எதையும் போட்டு எழுத வேண்டாம். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிள்ளையை ஸ்கூலில் சேர்க்க வேண்டும் என்பதற்காக நான்தான் ஒரு வயதைக் கூட்டிப் பொய் சொன்னேன், டீச்சர் நான் சொன்னதை நம்பி எழுதினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே, தாய் சொன்னதை எழுதினேன் என்று நோட்டரியிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வரி போதும். உங்கள் பேருக்கு ஒரு குறையும் வராது, பெரியகருப்பன் அண்ணனும் ஒன்றும் கேட்க முடியாது. என்னைப் பொய்க்காரி என்று யார் சொன்னால் என்ன, நான் அங்கே இல்லையே.

நாள் இல்லை, டீச்சர். புதன் போனால் வியாழன்.

சகாயசெல்வி


திண்டுக்கல்,
5 அக்டோபர் 1999

சகாயசெல்வி,

நீ இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய். பரணி டாக்கா போகவில்லை. தாள்கள் வெள்ளிக்கிழமை காலை சென்னையில் சேர்ந்தன. பட்டியல் வியாழன் மாலையே மூடி, அவன் இடத்தில் வேறு பையன் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். தாள்களைப் படித்துப் பார்த்துவிட்டு, வயது சரிதான், ஒப்புக்கொள்கிறோம், நேற்று வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்களாம். அடுத்த முறை இந்தப் போட்டி நடக்கும்போது அவன் வயது தாண்டியிருக்கும்.

விழுப்புரம் பக்கம் பஸ் நின்றுபோனதால்தான் தாமதம் என்று ஹமீது பரணியிடமும், விடுதியிலும், ஊரிலும் சொல்லியிருக்கிறார். கோயில் வாசலில் அதே பெண்கள், "பாவம் டீச்சர், கையெழுத்துப் போட்டும் பலனில்லாமப் போச்சு" என்றார்கள். உனக்கும் ஹமீது அப்படித்தான் சொல்லியிருப்பார். அது பொய். எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. முதல் தாள் என்னிடம் வந்தது செப்டம்பர் 11. நான் கையெழுத்துப் போட்டது 30ஆம் தேதி பகல் பதினோரு மணிக்கு. ஹமீது பன்னிரண்டு மணி பஸ் பிடித்தார். அது இரவில்தான் போய்ச் சேரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் போனார். நடுவில் போன பத்தொன்பது நாளும் என்னுடையவை. முதல் தாளில் பதினோரு பிழை இருந்தது உண்மை. இரண்டாவது தாளில் இருந்தது இரண்டே பிழை, இரண்டும் புள்ளி. மூன்றாவதில் ஒன்றுமில்லை. அதையும் நான்கு நாள் மேசையில் வைத்திருந்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. செப்டம்பர் ஏழாம் தேதி பதிவேட்டைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? தேதியை மட்டும் உனக்கு எழுதினேன். எதிர்ப் பக்கத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு, சிஸ்டர்கூட அதைக் கவனித்ததில்லை. பரணியின் பெயருக்கு நேரே நான் எழுதியிருக்கிறேன்: "தாய் கூறும் தேதி 9-2-84. கை காதை எட்டுகிறது. தாயின் கூற்று நம்பத்தக்கதல்ல." கீழே என் சுருக்கொப்பம். நீ சொன்னது எல்லாமே நடந்திருக்கிறது. மறந்தவள் நான். அதைப் படித்த பிறகும் ஆறு நாள் கழித்து உட்கார்ந்து, உன் நினைவு தப்பு என்று உனக்குக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அது ஒன்றைத்தான் நான் சரியாகச் செய்திருக்கிறேன்.

புதன்கிழமை மாலை அஜீஸுன்னிசா உன் கடிதத்தைக் கொண்டுவந்தாள். "அந்தப் பிள்ள அழுதுக்கிட்டே குடுத்துச்சு டீச்சர்" என்றாள். நீ வைத்திருந்த தாளைப் படித்தேன். ஒரு முறை நான் உன்னைப் பொய்க்காரி என்றேன். இரண்டாம் முறை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, எனக்குப் பரிசு மாதிரி அனுப்பியிருக்கிறாய். அதைக் கொடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கொடுக்கவில்லை. மறுநாள் நோட்டரியிடம் குறிப்புக் கட்டத்தில் உள்ளதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, தாய் சொன்ன தேதியே சரி, நான் என் முறையை நம்பித் தவறாக எழுதினேன் என்று பதியச் சொன்னேன். அந்த ஆள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இப்படியே போடலாமாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். போடச் சொன்னேன். பெரியகருப்பனும் மற்றவர்களும் வந்தால் அவர்களுக்கும் எழுதிக் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பரணி வந்தான். நான் வருத்தப்படுவேன் என்று ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான். "விடுங்க டீச்சர், பஸ் நின்னா நீங்க என்ன செய்வீக?" என்றான். அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எத்தன நாளு டீச்சர்?" என்று கேட்டான். பத்தொன்பது என்றேன். "அம்மாவப் பத்தி என்ன எழுதியிருந்துச்சு?" என்றான். அதையும் சொன்னேன். எழுந்து, "வாரேன் டீச்சர்" என்று போய்விட்டான். கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருக்காது. நேற்றும் இன்றும் மைதானத்துக்கு வரவில்லை என்கிறார் ஹமீது. விடுதியில்தான் இருக்கிறான், சாப்பிடுகிறான். நான் காலையும் மாலையும் அந்த வழியாக நடந்து பார்க்கிறேன். கோல் கம்பத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

இதோடு இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியது. கிழித்துப் போடு. மற்றொன்று பதிவேட்டின் இரண்டு பக்கங்களுக்கும் சிஸ்டர் அத்தாட்சி கொடுத்த நகல், நோட்டரி தாளின் நகலும் அதோடு தைத்திருக்கிறது. பிள்ளை பிறந்த நாளை நீ அன்றே சரியாகச் சொன்னாய் என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. வடமதுரையில் உன் மாமியார் வீட்டுக்கும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் அனுப்பியது தவறென்றால் அதையும் எழுது.

அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்கக் கூடாததைக் கேட்டேன். உன் மகனுக்குக் கிடைத்ததைக் கெடுத்தேன். மன்னிப்புக் கேட்கிறேன். இதை நீ ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பரணி உன்னிடம் போனில் என்ன சொன்னான், மறுபடி பயிற்சிக்குப் போவானா, நான் அவனைப் போய்ப் பார்க்கலாமா கூடாதா, இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். ஹமீதிடமோ அஜீஸுன்னிசாவிடமோ சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுது. இனி எழுத வேண்டாம் என்றாலும், அதை எழுதித் தபாலில் போடு.

ஆனந்தமேரி